பத்துமலைப் படிகளின் இடப்பக்கம்

பத்துமலையில் 272 படிகள் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். காவடி எடுத்தவர்களும் பால்குடம் ஏந்தியவர்களும் அவற்றை ஒவ்வொன்றாகக் காலால் எண்ணியவர்கள். ஏறக்குறைய இருநூறு படிகள் ஏறியதும் இடக்கைப் பக்கமாக ஒரு பாதை பிரிகிறது. அந்த இடத்தில் நாம் எல்லாரும் மூச்சு வாங்க நின்றிருப்போம், தண்ணீர் குடித்திருப்போம், பின்னால் மெல்ல ஏறி வரும் பாட்டிக்காகக் காத்திருப்போம். அந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கும், "அது இருட்டுக் குகை, வௌவால் இருக்கும், நீ வா" என்ற பதிலே கிடைத்திருக்கும்.

எனக்கும் என் தாயார் அதைத்தான் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் போதித்து ஓய்வு பெற்ற என்னிடம், மலர்க் குழுவினர் இவ்வாண்டு கட்டுரை கேட்டபோது, "கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள் சார், நீங்கள் வேறு எதையாவது எழுதுங்கள்" என்றார்கள். வேறு எதையாவது என்றதும் எனக்கு அந்த இடப்பக்கப் பாதைதான் நினைவுக்கு வந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பத்துமலை சுண்ணாம்புக்கல் மலை. அந்தக் கல்லின் வயது சுமார் 40 கோடி ஆண்டுகள். கடலடியில் உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகி உண்டான கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறி, அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக் குடைகிறது. அப்படிக் குடைந்த கூடங்களில் ஒன்றில்தான் நாம் வேலவனை வணங்குகிறோம். இன்னொன்று இருட்டுக் குகை. அதன் சுரங்கப் பாதைகளை அளந்தவர்கள் மொத்தம் சுமார் 2 கிலோமீட்டர் நீளம் என்கிறார்கள்.

தெமுவான் பழங்குடி மக்களுக்கு இந்தக் குகைகள் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். சீனத் தோட்டக்காரர்கள் காய்கறிப் பாத்திகளுக்கு வௌவால் எரு அள்ள இங்கே வந்திருக்கிறார்கள். 1878இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் வந்து பார்த்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. தம்புசாமிப் பிள்ளை அவர்கள் இங்கே வேல் நாட்டியதும், 1892 முதல் தைப்பூசம் நடந்து வருவதும் நாம் அனைவரும் அறிந்த வரலாறு. அதே காலத்தில் மற்றொருவரும் இந்த மலையேறி வந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்தான் ஹென்றி ரிட்லி.

சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநராக 1888இல் வந்த ரிட்லியை நாம் ஒருவகையில் மறக்க முடியாது. ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டு சொல்லி, காப்பித் தோட்டக்காரர்களிடமெல்லாம் விதையைப் பையில் எடுத்துக்கொண்டு அலைந்தவர் அவர். அந்தப் பால் மரம் இல்லாவிட்டால் நம் தாத்தாக்களில் பாதிப் பேர் கப்பலேறியிருக்க மாட்டார்கள். அதே ரிட்லி சிலாங்கூர்க் குகைகளுக்குள் விளக்கோடு நுழைந்து, அங்கே வாழும் வெளிர்நிறப் பாம்பைப் பற்றி எழுதினார். அந்தப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றும் ரிட்லியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நஞ்சில்லாத பாம்பு, ஆள் உயரத்துக்கு மேல் வளரும், குகைச் சுவரில் ஊர்ந்து ஏறி, முழு இருட்டில் வௌவாலைப் பிடித்துத் தின்னும். நம் வயதான பக்தர்கள் சிலர் அதைக் கண்டு கைகூப்பியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வெயிலே இல்லாத இடத்தில் செடி வளராது. செடி இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. பிறகு எப்படி அங்கே உயிர்கள் வாழ்கின்றன? என் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். குகையில் அடுப்பு இல்லை, சமையல் எல்லாம் வெளியே. வெளியிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வருவதுபோல அங்கே உணவு வருகிறது. தூக்கிக்கொண்டு வருபவர்தான் வௌவால்.

இரவில் ஆயிரக்கணக்கில் வெளியே பறந்து போய்ப் பூச்சியோ தேனோ பழமோ உண்டு, விடியுமுன் திரும்பி வந்து தலைகீழாகத் தொங்குகின்றன. அவற்றின் எச்சம் தரையில் குவிகிறது. அந்தக் குவியலே குகையின் வயல். அதன்மேல் பூஞ்சணம் வளர்கிறது. அதைக் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும், துள்ளும் சிறு பூச்சிகளும், வண்டுகளும், கோடிக்கணக்கான கரப்பான்களும் தின்கின்றன. நீண்ட உணர்கொம்புடைய குகைப் பாச்சைகள் அங்குமிங்கும் தாவுகின்றன. இவற்றைப் பிடிக்க நெடுங்கால் பூரான், சாட்டைபோல் நீண்ட முன்காலால் தடவித் தடவி நடக்கும் வாலில்லாத் தேள் இனம், சிலந்திகள். நீரோடை ஓரமாகப் பெரிய தேரைகள் உட்கார்ந்து, தாமாக வந்து விழும் பூச்சிக்காகக் காத்திருக்கின்றன. எல்லாருக்கும் மேலே ரிட்லியின் பாம்பு. மெக்ளூர், லிம் பூ லியாட், வின் என்ற மூவர் 1967இல் இருட்டுக் குகையின் உயிரினங்களைத் தொகுத்து வெளியிட்ட பட்டியலைப் படித்தால் ஒரு சிற்றூரின் வாக்காளர் பட்டியலைப் படிப்பதுபோல் இருக்கும்.

இங்கே வௌவாலுக்காக ஒரு வார்த்தை வாதாட வேண்டியிருக்கிறது. "நாற்றம், அசுத்தம்" என்று மூக்கைப் பொத்தும் நாம், டுரியான் காலத்தில் கூடை கூடையாக வாங்குகிறோம். டுரியான் பூ மாலையில் மலரும். விடியுமுன் அதன் மகரந்தத் தாள்கள் உதிர்ந்துவிடும். ஒரு பூவுக்கு ஓர் இரவுதான் ஆயுள். அந்த ஓர் இரவில் வந்து தேன் குடித்து, முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும் முக்கியமான விருந்தாளி, பத்துமலைக் குகையில் தங்கும் தேன் வௌவால். பெத்தாய் மரத்துக்கும் அதுவே துணை. ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில் இந்த வௌவால்களின் எச்சத்தைச் சேகரித்து, அதில் கலந்திருந்த மகரந்தத்தை உருப்பெருக்கியில் பார்த்து, அவை எந்தெந்த மரத்துக்குப் போய் வந்தன என்று கண்டுபிடித்தார்கள். ஆய்வு முடிவை 1976இல் வெளியிட்டார்கள். முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கடலோரச் சதுப்புக் காட்டு மரங்களின் மகரந்தமும் அதில் இருந்தது! டுரியான் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பூக்கும். மற்ற மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது அந்தக் கடலோர மரங்கள். ஆக, கிள்ளான் கரையில் சதுப்புக் காட்டை வெட்டினாலும், பத்துமலைக் குகையில் புகை மூட்டினாலும், அடி விழுவது எங்கோ உட்பகுதியில் இருக்கும் டுரியான் தோப்புக்காரருக்கு.

குகையில் இருப்பவை எல்லாம் ஒரே வகைக் குடிகள் அல்ல. சில, வௌவால்போல வந்து தங்கிப் போகும் விருந்தாளிகள். சில, குகையிலும் வாழும், வெளியே ஈரமான கல்லிடுக்கிலும் வாழும். இரண்டு ஊரிலும் வீடு வைத்திருப்பவர்கள். மூன்றாம் வகைதான் அதிசயமானது. அவை குகையை விட்டு வெளியே வந்தால் பிழைக்கா. வெயிலும் காற்றும் பட்டால் உடல் உலர்ந்துவிடும். பல தலைமுறை இருட்டிலேயே வாழ்ந்ததால் கண் இல்லை, நிறம் இல்லை. அதற்கு ஈடாகக் காலும் கொம்பும் நீண்டிருக்கும். தொட்டும் முகர்ந்தும் அதிர்வை உணர்ந்துமே வாழ்க்கை நடக்கும். உணவு அரிது என்பதால் மெதுவாக வளரும், குறைவாக உண்ணும், சில முட்டைகளே இடும், நெடுநாள் வாழும். நம் பெரியவர்கள் தவசிகளுக்குச் சொல்லும் இலக்கணம் அத்தனையும் இவற்றுக்குப் பொருந்துகிறது என்று என் மனைவி சொல்வாள். நான் வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை; ஆனாலும் பிழை என்று சொல்ல மாட்டேன்.

கண் ஏன் போகிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பயன்படுத்தாததால் தேய்ந்துவிட்டது என்பார்கள். அப்பன் கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் மகன் குருடாகப் பிறப்பதில்லை. வெளிச்சமுள்ள ஆற்றில் கண் கெட்ட மீன் பிறந்தால் அதைப் பெரிய மீன் விழுங்கிவிடும். அந்தக் குறை அதோடு ஒழியும். இருட்டில் அதைத் தண்டிக்க யாருமில்லை. தவிர, கண்ணும் கண்ணுக்கான மூளைப் பகுதியும் மிகுந்த சக்தியைத் தின்னும் உறுப்புகள். பட்டினி கிடக்கும் இடத்தில் அந்தச் செலவு மிச்சமானால் அதுவே இலாபம். மெக்சிகோ நாட்டின் குகைகளில் குருட்டு மீன்கள் வாழ்கின்றன. ஒரு குகையின் குருட்டு மீனையும் வேறொரு குகையின் குருட்டு மீனையும் இணைத்துப் பார்த்தார்கள். பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கண் பார்வை இருந்தது! 2008இல் வெளிவந்த செய்தி இது. ஒரு குகையில் ஒரு மரபணு பழுதாகியிருந்தது, மறு குகையில் வேறொன்று. தாயிடம் கெட்டது தந்தையிடம் நல்லதாக இருந்ததால், குஞ்சுக்கு இரண்டும் சேர்ந்து கண் திறந்தது. ஒவ்வொரு குகையும் தனித்தனியாகத் தன் மீனைச் செதுக்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பக்கத்து மலையின் குகைப் பூச்சியும் இந்த மலையின் குகைப் பூச்சியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு இனமாக இருப்பது இதனால்தான். ஒரு மலையை வெடி வைத்துத் தகர்த்தால், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் இனம் அன்றே முடிந்துபோகக் கூடும்.

ஒரு சிலந்தியும் என் பிழையும்

1960களின் பிற்பகுதி. நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். தைப்பூசம் முடிந்த ஒரு பள்ளி விடுமுறையில் நண்பர்கள் நால்வர் கைவிளக்குகளோடு இருட்டுக் குகைக்குள் போனோம். காலடியில் எரு மெத்தைபோல் அமுங்கியது. தலைக்கு மேலே மழைபோல் ஓயாத கீச்சொலி. ஒரு வளைவைத் தாண்டியதும் வாசல் வெளிச்சம் மறைந்தது. வேடிக்கைக்காக விளக்கை அணைத்தோம். அந்த இருட்டைச் சொல்ல எனக்கு இன்றும் சொல் இல்லை. கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் மூக்கில் இடித்த பிறகுதான் தெரியும்.

விளக்கைப் போட்டுச் சுவரைப் பார்த்தபோது, மண் பூசிய சிறு குழாய் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் வாயில் வட்டமாக ஒரு மூடி. வாயைச் சுற்றி ஏழெட்டு மெல்லிய இழைகள் சூரியக் கதிர்போல் விரிந்து கிடந்தன. நண்பன் ஒருவன் குச்சியால் ஓர் இழையைத் தொட்டான். மூடி படக்கென்று திறந்து, ஒரு சிலந்தி பாதி உடல் வெளியே பாய்ந்து, அதே வேகத்தில் உள்ளே போய் மூடிக்கொண்டது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். நான் பேனாக்கத்தியால் அந்தக் குழாயைச் சுவரிலிருந்து பெயர்த்து, டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் பார்த்தபோது அது சுருண்டு கிடந்தது. அந்தச் சுவரில் இருந்த மேலும் சிலவற்றை நண்பர்களும் பெயர்த்தார்கள். அவற்றின் கதியும் அதேதான்.

பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சியின்போது ஒரு நூலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ். 1923இல் ஆபிரகாம் என்ற ஆய்வாளர் உலகுக்கு அறிவித்த சிலந்தி. பத்து என்ற நம் மலையின் பெயரையே தாங்கியது. மற்ற சிலந்திகளின் வயிறு வழவழப்பான ஒரே பை. இதன் வயிற்றின் மேற்புறம் மட்டும் தகடு தகடாகக் கண்டம் பிரிந்திருக்கும். சிலந்திக் குலம் தோன்றிய காலத்து அமைப்பு அது. இதன் உறவினங்கள் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் கல்லாகக் கிடைத்திருக்கின்றன. டைனோசர் வருவதற்கு முன்னால், வந்த பின்னால், போன பின்னால் என்று எல்லாவற்றையும் கடந்து வந்த வடிவம். அதைத்தான் நான் டின்னில் அடைத்துக் கொன்றேன். இதன் குஞ்சுகள் தாயின் குழாய்க்கு அருகிலேயே குடியேறுகின்றன. காற்றில் நூல் விட்டு ஊர் விட்டு ஊர் பறக்கும் பழக்கம் இவற்றுக்கு இல்லை. ஒரு சுவரில் அழித்தால் அந்தச் சுவர் நெடுங்காலம் வெறுமையாகவே இருக்கும். கட்டுரை கேட்டதும் எனக்கு இந்தக் குகையே நினைவுக்கு வந்ததன் காரணம் இதுதான். தைப்பூசத்தன்று அந்தப் படியில் நிற்கும்போதெல்லாம் அந்த டின் என் நினைவுக்கு வருகிறது.

காலடியில் உள்ள தண்ணீர்

குகை என்றால் நாம் நுழைந்து நடக்கக்கூடிய பெரிய துளையைத்தான் நினைக்கிறோம். நாம் நுழைய முடியாத விரல் அளவு வெடிப்புகளும், மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் இடையே உள்ள ஊசிமுனை இடைவெளிகளும் சேர்ந்ததுதான் நிலத்தடியின் பெரும்பகுதி. அவற்றில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. பூமியில் உறையாமல் இருக்கும் நன்னீரில் மிகப் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. ஆறும் ஏரியும் அதன் முன் அற்பம். அந்தத் தண்ணீரிலும் குடிகள் உண்டு.

பத்துமலையே இதற்குச் சாட்சி சொல்கிறது. நார்வே நாட்டின் பேரறிஞர் ஜார்ஜ் ஓசியன் சார்ஸ் என்பவர் இறால், நண்டு வகைகளை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர். பத்துமலைக் குகை நீரில் கிடைத்த ஒரு நுண்ணிய இறால் இனத்தை அவர் ஆராய்ந்தார். ஓரிரு மில்லிமீட்டர் நீளம், கண் இல்லை, நிறம் இல்லை, புழுப்போல் ஒடுங்கிய உடல். 1927இல் அவர் காலமானார். அவர் எழுதிய விளக்கம் 1929இல் மலாய் நாட்டு அருங்காட்சியகங்களின் சஞ்சிகையில் வெளிவந்தது. பிற்காலத்தில் இதற்குத் தனிக் குலமே வகுத்து, பத்துபாத்தினெல்லா என்று பெயரிட்டார்கள். இதன் முதல் உறவினம் 1882இல் பிராக் நகரத்தின் ஒரு கிணற்று நீரில் தென்பட்டது. பிராக் எங்கே, பத்துமலை எங்கே! கடலில் நீந்த முடியாத, நிலத்தில் நடக்க முடியாத இந்தக் கூட்டம் எப்படி இரண்டு இடத்திலும் இருக்கிறது? கண்டங்கள் ஒன்றாக இருந்த காலம் தொட்டு நிலத்தடி நீரிலேயே ஒதுங்கி வாழ்ந்து, கண்டங்கள் பிரிந்தபோது அவற்றோடு பயணம் செய்திருக்கின்றன என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். நாம் கப்பலில் வந்தோம். இவை கண்டத்தோடேயே வந்தன.

நம் மலையாள அன்பர்களுக்குக் கேரளக் கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கிணறு. செந்நிறச் செம்பாறையைக் குடைந்து இறக்கிய அந்தக் கிணறுகளில் 1950இல் கோட்டயம் பகுதியிலிருந்து ஓர் அதிசய மீன் அறிவியலுக்கு வந்தது. விரல் நீளம்கூட இல்லாத கெளிற்று மீன். கண் அறவே கிடையாது. தோலுக்கடியில் ஓடும் இரத்தம் தெரிவதால் உடல் முழுதும் சிவப்பு. ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயரிட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் அதிகம் பேசப்படாத இந்த உலகம், இந்நூற்றாண்டில் திடீரென்று திறந்துகொண்டது. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் கோயில்களிலும் நிதி திரட்டினோம். அந்த வெள்ளத்துக்குப் பின் மலப்புரத்தில் ஒரு வயலில், நிலத்தடியிலிருந்து அடித்து வரப்பட்ட நீண்ட பாம்பு போன்ற மீன் கிடைத்தது. விரால் மீனுக்குத் தொலைதூர உறவு. ஆனால் அதற்கென்றே ஒரு புதுக் குடும்பம் வகுக்க வேண்டியிருந்தது. 2019இல் அதே கேரளத்தில் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து நூலிழைபோன்ற இன்னொரு மீன் வெளிவந்தது. ஆய்வாளர்கள் அதற்குப் புஜியா என்று பெயர் வைத்தார்கள். ஆம், நாம் கொறிக்கும் அதே ஓமப்பொடி வகைதான்! 2022இல் வந்த மற்றொன்றுக்குப் பாதாளம் என்ற நம் சொல்லையே பெயராக்கினார்கள். அதலம், விதலம் என்று ஏழு கீழுலகங்களை எண்ணி, கடைசியில் பாதாளம் என்று புராணத்தில் கேட்ட நமக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல.

இவற்றில் என் மனத்தைத் தொட்டது 2023இல் அறிவிக்கப்பட்ட ஹோராக்ளானிஸ் பாபுலி. பாபுலி என்றால் மக்களுடையது என்று பொருள். கிணறு இறைக்கும்போதும், தொட்டி கழுவும்போதும், குழாயைத் திறந்தபோதும் விழுந்த சிவப்பு மீன்களைத் தூக்கி எறியாமல், பாத்திரத்தில் வைத்திருந்து ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பிய சாதாரண வீட்டார்களுக்கு நன்றியாக வைத்த பெயர் அது. நிலத்தடிக்குள் எந்த விஞ்ஞானியும் இறங்கிப் பார்க்க முடியாது. கிணறு வைத்திருப்பவர்தான் அங்கே அவருக்குக் கண்.

இவை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நிலத்தடி மணலில் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் வரும் அழுகலைத் தின்று சுத்தம் செய்கின்றன. அந்தப் படலத்தை மேய்ந்து, இடைவெளிகள் அடைபடாமல் பார்த்துக்கொள்பவை இந்தச் சிறு இறால்களும் புழுக்களும். நம் கிணற்று நீர் தெளிவாக இருப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் சுண்ணாம்பு மலையில் நிலைமை வேறு. மணலில் தண்ணீர் வடிந்து போகும். சுண்ணாம்பு வெடிப்பில் குழாயில் ஓடுவதுபோல் ஓடும். மலையடியில் கொட்டும் கழிவெண்ணெயும் கழிப்பறைக் கசிவும் வடிகட்டப்படாமல் அப்படியே உள்ளே போய்விடும்.

தூரதேசத்து உதாரணம் ஒன்றோடு இந்தப் பகுதியை முடிக்கிறேன். ஸ்லோவேனியா நாட்டின் போஸ்தோய்னா குகை நீரில் புரோட்டியஸ் என்னும் வெளிறிய உயிர் வாழ்கிறது. தவளைக்கு உறவு, ஒரு சாணுக்கு மேல் நீளம், கண்ணைத் தோல் மூடியிருக்கும். வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவற்றைக் கண்ட மக்கள், மலைக்குள் வாழும் பறவை நாகத்தின் குட்டி என்று நம்பியதை 1689இலேயே வல்வாசோர் என்பவர் பதிவு செய்தார். ஆண்டுக் கணக்கில் உணவின்றி இருக்கும். நூறு வயதுவரைகூட வாழக்கூடும் என்று கணித்திருக்கிறார்கள். 2016இல் அங்கே பார்வையாளருக்கான தொட்டியில் ஒரு தாய் முட்டையிட்டபோது, குகை நிர்வாகத்தார் தொட்டியை மறைத்து, வெளிச்சம் படாமல், மாதக்கணக்கில் காவல் காத்தார்கள். குஞ்சு பொரித்த செய்தி உலகமெல்லாம் பரவியது.

மின்விளக்கு நன்கொடை

இந்தக் கட்டுரையைக் கொடையாளர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஈப்போ வட்டாரத்தில் சுண்ணாம்பு மலைகளும் குகைக் கோயில்களும் பல. அவற்றில் ஒரு சிறு கோயிலில் சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடந்தது. அன்பர் ஒருவர் தம் தாயார் நினைவாகக் குகை முழுவதற்கும், சன்னதிக்குப் பின்னால் நீளும் உட்குகைக்கும் சேர்த்து, பிரகாசமான மின்விளக்குகள் அளிக்க முன்வந்தார். கணிசமான தொகை. செயலவையினர் மகிழ்ந்தார்கள். நான் அறிவியல் ஆசிரியர் என்பதால் வயரிங் பற்றி யோசனை கேட்டார்கள். வயரிங் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"ஐயா, உட்குகையில் விளக்குப் போட்டால் வௌவால் இடம் பெயரும். எரு நிற்கும். ஓராண்டில் உள்ளே உள்ள அத்தனையும் பட்டினி. விளக்குப் படும் கல்லில் பச்சைப் பாசி பிடிக்கும், அது கல்லையும் அரிக்கும்" என்றேன்.

அவர் என்னைவிட மூத்தவர். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வாத்தியாரே, சாமி இருக்கிற இடத்தை இருட்டாக வைக்கச் சொல்கிறீர்களா?" என்றார்.

"சாமி இருக்கிற இடத்துக்கு விளக்குப் போடுங்கள் ஐயா. அதற்குப் பின்னால் உள்ளதை அது இருந்தபடியே விட்டுவிடலாம்" என்றேன்.

அவருக்கு அது உடனே பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். செயலவையில் இருவர் அவர் பக்கம் பேசினார்கள். பூச்சி புழுவுக்காக ஒரு தாயாரின் நினைவை மறுப்பதா என்று ஒருவர் கேட்டது எனக்கும் சுருக்கென்றது. ஒரு மாதம் கழித்து அந்த அன்பரே தொலைபேசியில் அழைத்தார். முன்கூடத்துக்கு மட்டும் விளக்கு, அதுவும் நடை சாத்தியதும் தானாக அணையும்படி. மீதித் தொகையில் பழுதாகிக் கிடந்த கழிப்பறைத் தொட்டியைப் புதிதாகக் கட்டி, கழிவு மலையடி வெடிப்புக்குள் இறங்காமல் குழாய் வழியே வெளியேற்றுவது என்று ஏற்பாடு. தாயாரின் பெயரைக் கழிப்பறையில் எழுத முடியாதே என்று அவர் சிரித்தார். முன்கூட விளக்கடியில்தான் எழுதியிருக்கிறார்கள்.

பத்துமலையைப் பொறுத்தவரை கல்லுடைப்பு 1980களில் நின்றது. அதற்குக் குரல் கொடுத்தவர்களில் கோயில் அன்பர்களும் உண்டு, இயற்கை ஆர்வலர்களும் உண்டு. இருட்டுக் குகையில் பல ஆண்டுகள் வழிகாட்டியோடு கல்விச் சுற்றுலா நடந்தது. சுவரில் பெயர் கிறுக்கியவர்களின் கைங்கரியமும், என்னைப்போல் டின்னோடு போனவர்களின் கைங்கரியமும் அங்கே அப்போது தடுக்கப்பட்டன. 2019இல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

அண்மையில் என் பேத்தியோடு மாலை நேரத்தில் படியேறினேன். வானவில் நிறத்தில் 2018இல் வர்ணம் பூசிய படிகள் அவளுக்கு மிகவும் பிடிக்கும். இடப்பக்கப் பாதை பிரியும் இடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது; உட்கார்ந்தோம். "இங்கே என்ன தாத்தா இருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தொடங்குமுன் இருட்டத் தொடங்கிவிட்டது. மலை முகட்டின் மேல் முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாமல் வௌவால்கள் மேற்கே கடல் பக்கமாகப் பறந்தன. அது டுரியான் பூக்கும் மாதமல்ல. அவள் பத்துவரை எண்ணிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். கோயில் மணி அடித்தது. மீதிப் படிகளை ஏறினோம்.